மந்திரியின் நாடு

"ஊரிலை எவடம்?" என்று கேட்டால் எல்லாரும் ஒரு ஊர்ப்பெயர் சொல்வார்கள். அவர் ஒரு நாட்டையே சொன்னார்.

இத்தாலியில், பலெர்மோவின் கபோ சந்தைக்குள் எங்கள் ஆட்களின் பலசரக்குக் கடை ஒன்று இருக்கிறது. அங்கேதான் அதை முதலில் கேட்டேன். நான் முருங்கைக்காயை முறுக்கிப் பார்த்துக்கொண்டு நின்றேன். எதையும் முறுக்கிப் பார்க்காமல் வாங்குகிற பழக்கம் எனக்கு இல்லை, மனிதரையும் அப்படித்தான். கடைக்கார அண்ணை, பலெர்மோவுக்கு யார் புதிதாக வந்தாலும் கேட்கிற கேள்வியைப் பக்கத்தில் நின்ற அவரிடமும் கேட்டார். அவர் கையிலிருந்த மிளகாய்த்தூள் பைக்கற்றைக் கீழே வைத்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். பிறகு வானொலியில் செய்தி வாசிப்பவரைப் போலத் தொடங்கினார்.

"எங்கள் நாடு சிறிய நாடு. சுதந்திரம் கிடைத்துக் கொஞ்சக் காலம்தான் ஆகிறது. கிழக்குச் சமுத்திரத்தில் இருக்கிறது. பாதி வருடம் மழை, பாதி வருடம் வெயில். தேங்காயும் மீனும் ஏற்றுமதி. பாராளுமன்றம் இப்போதைக்கு ஒரு பழைய பண்டகசாலையில் நடக்கிறது."

அண்ணை வாயைப் பிளந்துகொண்டு நின்றார். "அங்கை தமிழாக்கள் எப்பிடி?"

"கரும்புத் தோட்டத்துக்கென்று கப்பலில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பாட்டன் காலத்தில்."

"தமிழ் நல்லாக் கதைக்கிறியள்."

"வீட்டில் விடவில்லை."

பைக்கற்றை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் தலை மறைந்ததும் அண்ணை என்னைப் பார்த்துச் சிரித்தார். "மந்திரி மாதிரியெல்லோ பேசுறார்!" அன்றிலிருந்து அவர் எங்களுக்கு மந்திரி. பெயர் ஒன்று இருந்தது. அதை நான் எழுதப் போவதில்லை. அந்த நாட்டின் பெயரையும் எழுதப் போவதில்லை. அது மெய்யாகவே இருக்கிற நாடு. பாவம், அதற்கும் எங்கள் கதைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

இருக்கிற நாடு என்பதை என் மகள்தான் கண்டுபிடித்தாள். வீட்டுக்கு வந்து, "இப்பிடி ஒரு நாடு இருக்கோ, பார் பிள்ளை" என்றேன். போனைத் தட்டினாள். "இருக்கு அம்மா. வேரோ, மெய்தான்! கொடியும் இருக்கு, பீச்சும் இருக்கு." இங்கே பிறந்த பிள்ளை, அவளுக்கு ஒவ்வொரு வசனத்திலும் ஒரு இத்தாலியன் சொல் வேண்டும். மழை, வெயில், தேங்காய், பண்டகசாலைப் பாராளுமன்றம் எல்லாம் அவர் சொன்ன மாதிரியே போனில் இருந்தன. வேறு யாருமென்றால் அதோடு விட்டிருப்பார்கள். எனக்கு அப்போதுதான் சந்தேகம் பிடித்தது. சொந்த ஊரைப் பற்றி யார் போனில் இருக்கிற மாதிரியே பேசுவார்கள்? எங்கள் ஊரைக் கேட்டால் நான் ஏற்றுமதியா சொல்வேன்? குச்சொழுங்கையில் என்னைத் துரத்திய நாயைச் சொல்வேன்.

மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் பயமில்லை என்பார்கள். இந்த மனிதரின் மடியில் ஏதோ இருந்தது.

என் சந்தேகத்துக்கு ஒரு காரணமும் இருந்தது. என் தங்கச்சி லிபெர்த்தா வீதியில் ஒரு பணக்காரக் கிழவியை, ஒரு சிஞ்ஞோராவை, பராமரிக்கிற வேலை செய்தாள். அதே கட்டடத்தின் மேல்மாடியில், படுக்கையில் கிடந்த ஒரு வயதான வக்கீலைப் பார்த்துக்கொண்டிருந்தவர் மந்திரி. தங்கச்சியின் கணவர் இறந்து வருடங்கள் ஆகிவிட்டன. அதற்குப் பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது குறைவு. திடீரென்று வேலை முடிந்து சிரித்துக்கொண்டு வரத் தொடங்கினாள். குசினிக்குள் நின்று, "அந்த நாட்டிலை ஆமியே இல்லையாம் அக்கா" என்பாள். அரிசி களைந்துகொண்டு, "அங்கை பள்ளிக்கூடத்திலை எல்லாரும் ஒரே வாங்கிலைதான் இருக்கிறதாம்" என்பாள். இவளுக்கு இனி ஒரு இடி விழுந்தால் தாங்கமாட்டாள்.

அப்பா இல்லை. அம்மா ஊரில், பெரியப்பாவின் சொல்லுக்கு மேல் ஒரு சொல் பேசமாட்டா. பெரியப்பாவோ, ஊர் எவடம், எந்தக் கோயிலடி என்று இரண்டு கேள்வியில் ஒரு மனிதன் இன்னார் இன்னாரென்று பிடித்துவிடுவார். எங்கள் குடும்பத்தில் எந்தக் கல்யாணமும் அவர் ஊருக்கு ஆள் விட்டு விசாரித்த பிறகுதான். இந்த மனிதரை விசாரிக்க யாரை விடுவது? சமுத்திரத்துக்குள் எந்த வீட்டுப் படலையைத் தட்டுவது? விசாரிக்க முடியாத இடத்தில் இருந்து ஒருவர் வருகிறாரென்றால், வேண்டுமென்றே அப்படித் தெரிந்தெடுத்து வந்திருக்கிறார் என்றுதான் என் புத்தி சொன்னது. அது சரியாகவே சொன்னது. காரணத்தைத்தான் பிழையாகப் பிடித்தேன்.

அங்கே ஒரு பெண்சாதி இருக்கிறாள் என்று முதலில் நினைத்தேன். பிறகு பொலிஸுக்குப் பயந்து திரிகிற ஆளென்று நினைத்தேன். எங்களை வேவு பார்க்க வந்தவரோ என்று கூட ஒருநாள் நினைத்தேன். எங்கள் வீட்டில் வேவு பார்க்க என்ன இருக்கிறது, இடியப்ப உரலா?

தங்கச்சியிடம் நேரே கேட்டேன். "பாஸ்போட் பாத்தனியோ?"

"பாத்தனான்."

"எந்த நாடு?"

"அவரிட்டையே கேளன்" என்றாள். சொல்லிவிட்டு உடுப்புக் காயப்போட பல்கனிக்குப் போய்விட்டாள். என் தங்கச்சி பொய் சொல்லமாட்டாள். அதனால்தான் பதில் சொல்லாமல் போனாள் என்று எனக்கு அப்போதே விளங்கியிருக்க வேண்டும்.

நூல் விட்டுப் பார்க்கலாமென்று மனிதரைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டேன். கணவாய்க் கறி வைத்தேன். நேரத்துக்கு வந்தார், சேட்டு மடிப்புக் கலையாமல். நன்றாகச் சாப்பிட்டார், கறியைப் புகழ்ந்தார். ஊரிலிருந்து கொண்டுவந்த எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் வைத்தேன். அதைத் தொடவில்லை. "பிளாஸ்டிக் கப் இருக்கிறதா?" என்று கேட்டார். பிறந்தநாளுக்கு வாங்கி மிஞ்சிய ஒன்றை மகள் எடுத்துக் கொடுத்தாள். குடித்துவிட்டு அதை நசுக்கி, தானே எழுந்துபோய்க் குப்பைக்குள் போட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதே மனிதர் தெருமுனைப் பாரில் நின்று, ஊரெல்லாம் வாய் வைக்கிற கோப்பையில் கோப்பி குடிப்பதை நான் என் கண்ணால் கண்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஆட்கள் வெறுங்காலோடு சாந்தா ரொசாலியா என்கிற புனிதவதியின் மலைக்கு ஏறுவார்கள். சைவக்காரரோ வேதக்காரரோ, அந்த அம்மாவிடம் எல்லாரும் போவோம். அங்கே இவர் குகைக்குள் சொட்டுகிற தண்ணீரை இரண்டு கையாலும் ஏந்திக் குடித்து, முகத்திலும் பூசிக்கொண்டதையும் கண்டேன். குகைத்தண்ணீர் இறங்குகிற தொண்டையில் என் வீட்டுத் தண்ணீர் இறங்காதாமோ?

"நான் மருந்து போட்டிடுவன் எண்டு பயப்பிடுறாரோ?" என்று தங்கச்சியிடம் பாய்ந்தேன்.

"விடு அக்கா. அவரின்ரை பழக்கம் அது."

"என்ன கண்டறியாத பழக்கம்?"

அவள் டம்ளரை எடுத்து, அதில் இருந்த தண்ணீரைத் தானே குடித்தாள். என்னைப் பார்க்கவில்லை.

அந்தக் கோடையில் வக்கீலின் பிள்ளைகள் கிழவனைச் சக்கர நாற்காலியில் வைத்து மொண்டெல்லோக் கடற்கரைக்கு அனுப்பினார்கள், கடற்காற்று நல்லதென்று. மந்திரி தள்ளிக்கொண்டு போனார். என் தங்கச்சிக்கும் அன்றைக்கென்று லீவு கிடைத்தது. எனக்குப் போதாதா? மகளையும் இழுத்துக்கொண்டு அடுத்த பஸ் பிடித்தேன். கூட்டமென்றால் கூட்டம், துவாய் விரிக்க இடமில்லை. ஒரு குடைக்குக் கீழே கிழவன் நித்திரை. மந்திரி மணலில் குந்தி இருந்து விரலால் தன் நாட்டைக் கீறிக்கொண்டிருந்தார். தங்கச்சி பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிப் பக்கத்தில் இருந்தாள்.

எங்களைக் கண்டதும் இரண்டு பேரும் திடுக்கிட்டார்கள். மகள்தான் நிலைமையைக் காப்பாற்றினாள். மணலில் இருந்ததைப் பார்த்துக் கேள்விமேல் கேள்வி கேட்டாள்.

"இது என்ன?"

"பெருந்தெரு. ஒன்றே ஒன்றுதான். எல்லாரும் அதால் போகலாம்."

"இது?"

"பள்ளிக்கூடம்."

நடுவில் பெரிதாக ஒரு வட்டம் இருந்தது. நாட்டில் பாதியை அதுவே எடுத்திருந்தது.

"இது?"

"நல்லதண்ணிக் கிணறு. மற்றக் கிணறெல்லாம் உவர். சுதந்திரம் கிடைத்த அன்று முதன்முதலில் போட்ட சட்டம் இந்தக் கிணற்றைப் பற்றியதுதான். யாரும் அள்ளலாம்."

"பிரெசிதெந்தே வீடு எங்கை?"

"எங்கேயும் கட்டலாம். கிணற்றுக்குப் பக்கத்தில் மட்டும் கட்டக்கூடாது. கிணற்றுக்குப் பக்கத்தில் ஒருவருமே வீடு கட்டக்கூடாது."

மகள் பஸ்ஸில் வரும்போதே போனில் தேடினாள். கிணற்றைப் பற்றி ஒன்றுமில்லை. சட்டத்தைப் பற்றியும் ஒன்றுமில்லை. "கிணறு அவரின்ரை இன்வென்ஸியோனே அம்மா, சொந்தக் கற்பனை" என்று சிரித்தாள். மாட்டினாரடா மந்திரி என்று எனக்கு ஒரே புழுகம், துள்ளாத குறை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் புதைத்தவர் காம்பை வெளியில் விட்டுவிட்டார். ஆனால் வீடு வந்து படுத்த பிறகும் அந்த வட்டம் கண்ணை விட்டுப் போகவில்லை. தேங்காயைப் பற்றியும் பாராளுமன்றத்தைப் பற்றியும் பேசும்போது வானொலி மாதிரி இருந்த குரல், கிணற்றுக்கு வந்தபோது மனிதக் குரலாக மாறியிருந்தது. பொய்யைச் சொல்லும்போதுதானா ஒருவருக்குச் சொந்தக் குரல் வரும்?

கடைக்கார அண்ணையும் சும்மா இருக்கவில்லை. ஊர் விடுப்புக் கேட்டுக் கதை பிடுங்குவதில் அவர் எனக்கு அண்ணைதான். "பிள்ளை, மந்திரியைப் பற்றிப் பிரான்ஸிலை ஒராளிட்டைச் சொல்லி வைச்சிருக்கிறன். முகத்தைப் பாத்தாத் தெரியாமல் போகுமோ? எங்கடை தீவுப்பக்கத்து முழி" என்றார். நான் சரியென்று தலையாட்டினேன். அதே கிழமை பெரியப்பாவும் போன் எடுத்தார். யாரோ அவருக்கு ஊதிவிட்டார்கள். "பெடியன் எவடம் எண்டு அறிஞ்சு சொல்லு. அறியாமல் ஒரு அலுவலும் நடவாது" என்றார். அறிந்து சொல்கிறேன் என்றேன். தங்கச்சி கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

பிறகு தண்ணீர் இல்லாமல் போயிற்று. மழையே பெய்யாத வருடம். பலெர்மோவில் முறை வைத்துத்தான் தண்ணீர் விட்டார்கள், எங்கள் மாடித் தாங்கியில் புழுதிதான் கிடந்தது. ஒருநாள் காலை சந்தைக்குப் பக்கத்துச் சின்னச் சதுக்கத்தில் ஒரு தண்ணீர் லொறி, பவுசர், வந்து நின்றது. கையில் அகப்பட்ட வாளி, கான் எல்லாம் தூக்கிக்கொண்டு தெரு முழுக்க ஓடியது. வரிசையில் முக்கால்வாசி எங்கள் ஆட்கள். எங்களுக்குத் தூக்க ஆம்பிளை இல்லையென்று தங்கச்சி மந்திரியைக் கூப்பிட்டிருந்தாள். அவர் இரண்டு நீலக் கானோடு எனக்கு முன்னால் நின்றார்.

பவுசர்க்காரன் குழாயைக் கடைக்கார அண்ணையிடம் கொடுத்துவிட்டு நிழலுக்குப் போய்விட்டான். அண்ணை ஒரு படியில் ஏறி நின்று, மேலேயிருந்து ஒவ்வொருவருக்கும் ஊற்றிக்கொண்டிருந்தார். சந்தோசமாகத்தான் ஊற்றினார், எல்லாரோடும் பகிடி விட்டபடி.

மந்திரியின் முறை வந்தது. அவர் முன்னுக்குப் போகவில்லை. கானை எட்டத்தில், கை நீளுமட்டும் நீட்டி, நிலத்தில் வைத்தார். வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தார். தோள் சுருங்கிற்று, தலை குனிந்தது. சேட்டு மடிப்புக் கலையாத அந்த மனிதர் ஒரு சின்னப் பெடியனாகக் குறுகி நின்றார். "தோக்கா அ தே!" என்று பின்னால் நின்ற இத்தாலியக் கிழவி கத்தினாள், உன்னுடைய முறையடா என்கிறாள். அவருக்குக் கேட்கவில்லை.

இந்த நிலையை நான் கண்டிருக்கிறேன். பெரியப்பாவின் வளவில் ஊருக்கே நல்லதண்ணிக் கிணறு ஒன்று இருந்தது. பின்னேரங்களில் சில சனம் குடங்களை எட்டத்தில் வைத்துவிட்டு இப்படித்தான் நிற்கும். அவர்கள் கயிற்றைத் தொடக்கூடாது. பெரியப்பா கிணற்றுக்கட்டில் ஏறி நின்று அள்ளி ஊற்றுவார், தானம் கொடுப்பவர் மாதிரி. ஊற்றாத நாட்களும் உண்டு. அன்றைக்கு அவர்கள் வெறுங்குடத்தோடு போவார்கள். ஊர் எவடம், எந்தக் கோயிலடி என்று அவர் இரண்டு கேள்வியில் பிடித்தது சாதியைத்தான். வேறெதைப் பிடிக்க?

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் தப்ப ஒரு மனிதருக்கு ஒரு முழு நாடே தேவைப்பட்டிருக்கிறது. யாரும் எவடம் என்று கேட்க முடியாத, நேற்றுத்தான் சுதந்திரம் கிடைத்த நாடு. டம்ளரும் பிளாஸ்டிக் கப்பும் விளங்கின. இப்போது குடித்த டம்ளரை, நாளைக்கு ஆளைத் தெரிந்த பிறகு நாங்கள் எறிவோம் என்று அவருக்குத் தெரியும். அதுக்கு முன்னம் தானே எறிந்துவிட்டார்.

"என்ன மந்திரி, கிட்ட வாங்கோவன்!" என்று அண்ணை சிரித்தார். பிறகு சிரிப்புக் குறைந்தது. அவருடைய கண் தூர வைத்த கானுக்குப் போயிற்று. அங்கிருந்து மெல்ல மந்திரியின் முகத்துக்கு ஏறியது. அண்ணைக்கும் ஊரில் ஒரு கிணறு இருந்திருக்கும்.

கானைத் தூக்கி நானே பிடித்துக் கொடுக்கத்தான் முதலில் கை போனது. பாதியில் நின்றுவிட்டது. அவர்களைத் தொட விடாமல் கொடுப்பதைத்தானே பெரியப்பாவும் செய்தார்? நான் படியில் ஏறினேன்.

"அண்ணை, எவ்வளவு நேரமாப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறியள், கை உளையாதோ? விடுங்கோ." பதில் பார்க்காமல் குழாயைப் பறித்தேன். தண்ணீர் என் சீலையெல்லாம் தெறித்தது. அதை மந்திரியின் கையில் திணித்தேன். "நீங்கள் ஏறி நில்லுங்கோ. முதல்லை என்ரை வாளிக்கு விடுங்கோ."

அவர் என்னைப் பார்த்தார். எனக்குத் தெரிந்துவிட்டதென்று அவருக்குத் தெரிந்தது. ஒரு கணம் குழாயைப் போட்டுவிட்டு ஓடிவிடுவார் என்றே நினைத்தேன்.

"விடுங்கோ எண்டுறன். கேக்கேல்லையே?"

ஏறி நின்றார். என் வாளிக்கு விட்டார். பாதி வெளியில் போனது. நான் வாளிக்குள் கையை விட்டு, ஒரு கை அள்ளி, எல்லாரும் பார்க்கக் குடித்தேன். பவுசர்த் தண்ணீரில் இரும்புக் கறள் வாடை. அதைச் சொல்லி முகம் சுளிக்கவும் பயமாக இருந்தது. எனக்குப் பிறகு அடுத்தவர் கானை நீட்டினார், அவருக்குப் பிறகு அடுத்தவர். ஐயர் வீட்டுக்காரரும் நீட்டினார். கத்திய அந்தக் கிழவியும் நீட்டினாள். வரிசை முழுக்க அவர் கையால் தண்ணீர் வாங்கிக்கொண்டு போயிற்று. கடைசியில் அண்ணை தன் வாளியோடு நின்றார். கொஞ்சம் யோசித்தார். வீட்டில் தண்ணீர் இல்லை. நீட்டினார்.

வீட்டுக்கு வந்து அந்தத் தண்ணீரைக் காய்ச்சித் தேத்தண்ணி போட்டேன். எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி அவருக்கு முன்னால் வைத்தேன். அவர் டம்ளரைச் சுற்றி ஒருமுறை விரலை ஓட்டினார். எடுத்துக் குடித்தார். குடித்த பிறகு எழுந்து கழுவப் போனார். "அது நான் கழுவுவன், இருங்கோ" என்றேன்.

"அக்கா, உங்கடை தங்கச்சிக்கு எல்லாம் சொல்லிப்போட்டன்" என்றார். இவ்வளவு காலத்தில் முதல்தடவையாக எங்கள் பேச்சில் பேசினார். பெரியப்பா வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்துப் பேச்சு.

"எனக்கு ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை" என்றேன். "நீங்கள் அந்த நாட்டாள். எனக்கு அவ்வளவும் போதும்."

அவர் அழுதார். நானும் அழுதேன். என்ன செய்வது, எனக்கு அழுகை வரும்போதும் இது மெய்யான அழுகைதானா என்று அவரை ஒருமுறை பார்த்துக்கொண்டேன். பிறவிக்குணம்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே பெரியப்பா போன் எடுத்தார். பக்கத்தில் அம்மாவும் இருந்தா. அவவின் இருமல் கேட்டது. தங்கச்சி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், நகம் பதிய.

"என்ன பிள்ளை, அறிஞ்சனியோ? பெடியன் எவடம்?"

நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"அது ஒரு சின்ன நாடு பெரியப்பா. கிழக்குச் சமுத்திரத்திலை. பாதி வருசம் மழை, பாதி வருசம் வெயில். தேங்காயும் மீனும் ஏற்றுமதி. பாராளுமன்றம் இப்போதைக்கு ஒரு பழைய பண்டகசாலையிலை நடக்குது."

"உதை ஆர் கேட்டது? அங்கை எங்கடை ஆக்கள் எந்தப் பக்கம் இருக்கினம்?"

"பக்கமெண்டு ஒண்டுமில்லை. ஒரே தெருதான். எல்லாரும் அதாலைதான் போறவை."

"கோயில்?"

"இருக்கு. கதவு துறந்திருக்கும்."

பெரியப்பா ஆளைப் பிடிக்க வைத்திருந்த கேள்வி இரண்டும் முடிந்துவிட்டன. பிறகு, எங்கே கை வைக்கலாமென்று தேடிப் பார்த்து, "தீவெண்டுறாய். அப்ப குடிதண்ணிக்கு என்ன செய்யினம்?" என்றார்.

"ஒரு கிணறுதான் பெரியப்பா," என்றேன். "ஆரும் அள்ளலாம்."